பதநீரா, கள்ளா: ஆல்கஹால் இல்லாத பீர் தேடி ஐந்து நாள்

முதல் நாள், ஃபிராங்க்ஃபர்ட்

மூன்று வருடத்துக்கு முன் வயிற்றில் ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை பீர் என்று கேட்டார். நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் அதை இரண்டால் பெருக்கி எழுதிக்கொண்டிருப்பார். அன்றோடு சரி, நிறுத்தியாகிவிட்டது. போதைக்கு நான் ஒன்றும் பெரிதாக ஏங்கவில்லை, ஆனால் வெயிலில் அலைந்துவிட்டு வந்து உட்காரும்போது அந்தக் கசப்பும் நுரையும் தொண்டையில் இறங்குகிற சில்லிப்பும் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும். சர்பத்தும் சோடாவும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

மச்சினன் எட்டு வருடமாக இங்கே, ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். போனில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அத்தான், இங்க சூப்பர் மார்க்கெட்ல ஒரு அலமாரி முழுக்க உங்களுக்குன்னே அடுக்கி வச்சிருக்கான், ஒரு நடை வாங்க" என்றான். அவன் காரில் ஐந்து நாள் சுற்றுவது, போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர் ஆல்கஹால் இல்லாத பீரை ருசி பார்த்து அன்றன்றைக்கே எழுதி வைப்பது, இதுதான் திட்டம். மனைவியிடம் சொன்னேன். "மூணு நாடு சுத்தி இல்லாத ஒண்ணைக் குடிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இல்லாத" என்பதும் முழு உண்மையில்லை. ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் 'ஆல்கஹால்ஃப்ரை' என்று லேபிளில் போட்டுக்கொள்ளலாம். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும் பழச்சாற்றிலும்கூடத் துளி உண்டு, எனவே இதைக் குடித்து யாருக்கும் ஏறாது. சுத்தமாக வேண்டாம் என்பவர்கள் 0,0 என்று போட்டிருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். குடியை நிறுத்தப் பெரும்பாடு பட்டவர்கள் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது, வாசமும் நுரையும் அப்படியே அதுதான். என் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.

சாயங்காலம் மச்சினன் வீட்டு பால்கனியில் முதல் பாட்டில். கிளவுஸ்தாலர். இந்த ஊர் பிண்டிங் ஆலைக்காரர்கள் 1979-ல் கொண்டுவந்தது, ஆல்கஹால் இல்லாத பீர் என்றால் ஜெர்மானியர்களுக்கு ரொம்ப காலம் இந்தப் பெயர்தான். இதன் பழைய விளம்பர வாசகம் "நிஷ்ட் இம்மர், ஆபர் இம்மர் ஓஃப்டர்" இங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டதாம். எப்போதும் இல்லை, ஆனால் முன்னைவிட அடிக்கடி, என்று அர்த்தம். ஜிம்முக்குப் போகிறாயா என்று கேட்டால் மச்சினன் இதையே சொல்கிறான்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு நாங்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை, ஊர் உடன்குடிப் பக்கம். பனையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாமல் விட்டால் கள். சுண்ணாம்பு புளிப்பை எழவிடாது. "அதே கதைதான் அத்தான். பார்லி ஊறல்ல ஈஸ்ட்டைப் போட்டுட்டு, அது ஆல்கஹாலை உண்டாக்குறதுக்குள்ள இவன் குளிரடிக்க வச்சு மடக்கிப் போட்டுருதான்" என்றான் மச்சினன். நொதிக்காமல் நிறுத்திய சரக்கு, அதாவது பதநீர் வகை. அதனால் சர்க்கரை மிச்சம் இருக்கும், ஊறலின் வாசமும் போகாது.

ருசி? நுரை நல்ல வெள்ளை, அரை விரல் உயரம், ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. முதல் மடக்கில் கசப்பு சரியாக வந்து உட்கார்ந்தது, ஆகா என்று நினைத்து முடிப்பதற்குள் பின்னாலேயே ஹார்லிக்ஸ் வந்துவிட்டது. ஹார்லிக்ஸ்கூட இல்லை, ஹார்லிக்ஸ் குடித்த டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்த மாதிரி. வறுத்த சத்துமாவு வாசம். மூன்று வருடம் கழித்துக் கிடைத்ததா இது என்று இருந்தது. பாதி பாட்டிலை மச்சினனிடம் தள்ளிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்தான், கடையில் வாங்கிய இரண்டாவது பாட்டிலைக் கார் டிக்கியில் பத்திரப்படுத்தினான். எல்லாவற்றிலும் ஒன்று சேர்த்து வைத்து கடைசி நாள் ஒரு பரீட்சை வைக்கப்போகிறானாம்.

இரண்டாம் நாள், ஃப்ரைசிங், மியூனிக்

நானூறு கிலோமீட்டர். வழியெல்லாம் பச்சை, நடுவில் காற்றாலை, நம்ம ஆரல்வாய்மொழி ஞாபகம்.

மியூனிக்குக்கு முன்னால் ஃப்ரைசிங்கில் இறங்கிவிட்டோம், வைஹன்ஸ்டெஃபான் மலைக்காக. மலை என்றால் நம்மூர் மண்டபம் இருக்கிற குன்று அளவுதான். துறவிகள் மடமாக இருந்த இடம், 1040-லிருந்து பீர் காய்ச்சுவதாகக் கணக்கு சொல்லி, உலகத்தில் இப்போதும் ஓடுகிற ஆலைகளில் பழையது நாங்கள்தான் என்கிறார்கள். 1040 என்றால் அங்கே ராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருக்கிறான். இன்றைக்கு ஆலை பவேரிய மாநில அரசின் சொத்து. அரசாங்கமே நடத்துகிற சரக்குக் கடை நமக்குப் புதிதில்லை, ஆனால் இதே குன்றில் பல்கலைக்கழகம் வைத்து பீர் காய்ச்சுவதைப் பட்டப்படிப்பாகவும் சொல்லித் தருகிறார்கள்.

இங்கே நான் குடித்தது ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர். ஊற்றுவதே ஒரு சடங்கு. இடுப்பு சிறுத்த நெட்டைக் கிளாஸை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுகிறார்கள், பிறகு சாய்த்துப் பிடித்து பாட்டில் வாயை உள்சுவரில் ஒட்டி மெதுவாக விடுகிறார்கள், அடியில் இரண்டு விரல் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி பாட்டிலை ஒரு சுழற்று சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலையும் கலக்கி மேலே ஊற்றுகிறார்கள். கலங்கல் மஞ்சள், மேலே மூன்று விரல் நுரை, அது தயிர் ஆடை மாதிரி நிற்கிறது. மூக்கைக் கொண்டுபோனால் வாழைப்பழம், அதன் பின்னால் லேசாகக் கிராம்பு. வாழைப்பழம் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, இரண்டும் ஈஸ்ட் பார்த்த வேலை. குடித்தால் வாயில் ஏதோ இருக்கிறது. நேற்றைய பாட்டிலில் அது இல்லை.

ஏன் என்று மச்சினனைக் கேட்டேன், அவன் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஆல்கஹால் போதைக்கு மட்டும் இல்லையாம். அதுவே லேசாக இனிக்கும், திரவத்துக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும், வாசத்தை மூக்குவரை தூக்கிக்கொண்டு வரும். அதை எடுத்துவிட்டால் கசப்பு அம்மணமாக நிற்கும், மிச்சமெல்லாம் தண்ணீர். கோதுமை பீரில் புரதம் அதிகம், கலங்கலும் கனமும் அங்கிருந்து வந்துவிடும், பழ வாசம் வேறு இருக்கிறது, ஓட்டையை அடைத்துவிடலாம். கொடுப்பினை உள்ள சாதி.

அப்புறம் இரண்டாவது வழியையும் சொன்னான், இது கள் வகை. முழு பீராகக் காய்ச்சிவிட்டு, பிறகு ஆல்கஹாலை மட்டும் பிரித்து எடுப்பது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் பீரை வைத்தால் வெந்த முட்டைக்கோஸ் ரசம்தான் மிஞ்சும். அதனால் குக்கரைத் தலைகீழாக யோசித்திருக்கிறார்கள். குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை ஏறுகிறது, இங்கே பம்ப் போட்டு அழுத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால் கொதிநிலை இறங்கி, நாம் கை பொறுக்கிற சூட்டிலேயே ஆல்கஹால் ஆவியாகப் போய்விடுகிறது. "அந்த பம்ப்பை யாரு செய்றா தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்தினான். சில ஆலைகள் சூடே காட்டாமல் மெல்லிய சவ்வு வழியாக வடிகட்டியும் பிரிக்கின்றன. எப்படி எடுத்தாலும் ஆல்கஹாலோடு கொஞ்சம் வாசமும் வெளியே போகும், அதுதான் இந்த வகையின் குறை. ஆக, இனிப்பும் ஊறல் வாசமும் தூக்கலாக இருந்தால் பதநீர், மெலிந்து வறண்டு இருந்தால் கள். இனி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று அவனிடம் சவால் விட்டேன். அவசரப்பட்டுவிட்டேனோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

மத்தியானம் மியூனிக், இங்கிலீஷ் கார்டன் என்கிற பூங்காவில் சீன கோபுரத்தடி பியர்கார்டன். ஏழாயிரம் பேர் உட்காரலாம், செஸ்ட்நட் மர நிழல், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே நீள பெஞ்சு. பவேரியாவில் எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் இங்கேதான் தெரிய வந்தது: துணி விரிக்காத மேசையில் உட்கார்ந்தால் சாப்பாட்டை நீங்களே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரலாம், குடிக்கிறதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். 1812-ல் முதலாம் மாக்ஸிமிலியன் ராஜா, ஆலைக்காரர்கள் தங்கள் நிலவறை வாசலிலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று ஆணை போட்டார், ஊர் ஓட்டல்காரர்கள் பிழைப்பு கெடாமல் இருக்க. அதிலிருந்து வந்த பழக்கம். மச்சினன் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தான். புளியோதரை, உருளைக்கிழங்கு பொடிமாஸ். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் டப்பாவைத் திறந்து முள்ளங்கியை உப்புப் போட்டுத் தின்றுகொண்டிருந்தார், எங்களைப் பார்த்து தலையாட்டினார், நாங்களும் ஆட்டினோம்.

புளியோதரைக்கும் கோதுமை பீருக்கும் ஒத்துப்போகிறது. பொய்யில்லை. நல்லெண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும் தந்த கனத்தை அந்த லேசான புளிப்பு கழுவிக்கொண்டு போகிறது.

திரும்பி வரும் வழியில் எர்டிங்கர் ஒன்று வாங்கினோம், எர்டிங் பக்கத்து ஊர்தான். இதை ஓட்டக்காரர்கள் பானமாகவே விற்கிறார்கள், உடம்பில் ஓடுகிற உப்பு அளவுக்கு ஒத்தது என்று லேபிளிலேயே இருக்கிறது. பெர்லின் மாரத்தானில் ஓடி முடித்தவர்கள் கையில் பதக்கத்தோடு இதுவும் இருக்கும். 2009 மியூனிக் மாரத்தானில் 277 ஓட்டக்காரர்களை வைத்து ஒரு ஆய்வே நடந்தது, இதைக் குடித்தவர்களுக்குச் சளி, தொண்டைத் தொந்தரவு குறைவு என்று முடிவு. ஆய்வுக்குப் பணம் கொடுத்ததில் அந்த ஆலையும் உண்டு என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெர்மன் வீரர்களுக்கென்று 3,500 லிட்டர் ஆல்கஹால் இல்லாத பீர் போனது, அது வேறு கம்பெனி. எனக்கு முக்கியமான தகவல் வேறு: அரை லிட்டருக்கு 125 கலோரி. ஈரல் கேட்டால் சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

மூன்றாம் நாள், வியன்னா

எல்லை தாண்டுமுன் சாலை வரிக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கி கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. அதைக் கோணலாக ஒட்டி, பிய்த்து, திரும்ப ஒட்டி அரை மணி நேரம் போனது. வியன்னாவில் முப்பத்துநாலு டிகிரி. அரண்மனைகளை வெளியிலிருந்து பார்த்தோம், அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பீருக்கு வருவோம். 1837-லிருந்து இந்த ஊரில் இருக்கிற ஓட்டாக்ரிங்கர் ஆலையின் ஆல்கஹால் இல்லாத பீருக்கு 'நுல் கோமா யோசெஃப்' என்று பெயர். நுல் கோமா என்றால் 'பூஜ்யம் புள்ளி'. பூஜ்யம் புள்ளி ஐந்து என்று எண் வர வேண்டிய இடத்தில் ஜோசப் என்று ஓர் ஆள் வந்து நிற்கிறார். வியன்னாக்காரர்கள் 'ஒன்றுமே இல்லை' என்பதற்குப் பேச்சுவழக்கில் இப்படித்தான் சொல்வார்களாம், கையில் எவ்வளவு இருக்கிறது என்றால், பூஜ்யம் புள்ளி ஜோசப். நம்ம ஊரில் சல்லிக்காசு இல்லை, நயா பைசா இல்லை என்கிற மாதிரி. அதையே எடுத்து பாட்டில் மேல் ஒட்டிவிட்டார்கள். பீருக்குப் பெயர் வைத்தவனை நேரில் பார்த்தால் கை கொடுக்க வேண்டும்.

தெருமுனைக் கடையில் நின்றபடியே வறுத்த உருளைக்கிழங்கோடு குடித்தோம். வறண்ட கசப்பு, இனிப்பு குறைவு, உடம்பு மெலிசு. கள் வகை என்று தீர்ப்புச் சொன்னேன். வெயிலுக்கு மடமடவென்று இறங்கியது, கிளாஸ் கீழே வைத்ததும் என்ன குடித்தோம் என்று மறந்துபோனது. பெயருக்கு ஏற்ற சரக்கு. ஒன்று டிக்கிக்குப் போனது.

நான்காம் நாள், பில்சன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

செக் நாட்டுக்குள் நுழைந்ததும் மச்சினன் கையை உயர்த்திவிட்டான். ஜெர்மனியில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஓட்டினாலும் சட்டப்படி தப்பிக்கலாம், இங்கே வண்டி ஓட்டுகிறவன் ரத்தத்தில் ஒரு துளி இருக்கக் கூடாது. உலகத்திலேயே தலைக்கு அதிக பீர் குடிக்கிற நாடு, ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டால் பூஜ்யம். இந்த இரண்டையும் ஒரே நாட்டில் வைத்தால் என்ன ஆகும்? ஆல்கஹால் இல்லாத பீர் நன்றாக இருந்தே தீர வேண்டும். ஏனென்றால் மேசைக்கு ஒருத்தன் எப்போதும் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பான், அவனும் ருசி தெரிந்த ஆள்தான்.

பில்சன் ஆலையைப் பார்க்காமல் போனால் பாவம் சேரும். இன்றைக்கு உலகம் முழுக்க, நம்ம ஊர் டாஸ்மாக் உட்பட, பொன் நிறத்தில் தெளிவாக ஒரு பீர் விற்கிறதே, அதன் பூர்வீகம் இந்த ஊர். 1842-ல், ஊர் பீர் கெட்டுப்போய்விட்டதென்று கொதித்த நகரத்தார் பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்கிற ஆளை வரவழைத்தார்கள், அவர் அக்டோபர் மாதம் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். ஜோசப்புகள் விட மாட்டேன் என்கிறார்கள்.

சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் நிலவறைக்குக் கூட்டிப்போகிறார்கள். வெளியே வெயில், உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நின்றால் பல் கிட்டும். சுவரில் ஈரம் வழிகிறது. இரண்டு ஆள் உயர மர பீப்பாய்கள் வரிசையாக. ஒருத்தர் பீப்பாயில் செருகிய குழாயைத் திறந்து, வடிகட்டாத பீரை ஒவ்வொருவர் கையிலும் சின்ன கிளாஸில் பிடித்துக் கொடுக்கிறார். டிக்கெட்டோடு சேர்த்தி, கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. லேசான கலங்கல் பொன், ஈர மண் மாதிரி ஒரு குளிர் வாசம், ஹாப்ஸ் பூவின் பச்சைக் கசப்பு மூக்கிலேயே தெரிகிறது. மூன்று வருடம். நான் மச்சினனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். எனக்கு ஈரல், அவனுக்கு போலீஸ், ராத்திரி பிராகா வரை ஓட்ட வேண்டும். அத்தானும் மச்சினனும் ஆளுக்கொரு கிளாஸைத் தீபாராதனைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கொரிய தம்பதி, அறுபது வயது இருக்கும். அந்த அம்மா எங்கள் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு என்ன புரிந்துகொண்டாரோ, தன் கிளாஸை முடித்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டார், பிறகு கொஞ்சமும் கூச்சமில்லாமல் மச்சினன் கிளாஸையும். புருஷனுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன், அது கணக்கில் வராது.

மேலே வந்து ஒரு பப்பில் உட்கார்ந்தோம். இந்த நாட்டு ஆல்கஹால் இல்லாத பீருக்குப் பெயர் பிரெல். அது இருக்கா என்று கேட்டதும் கடைக்காரர் முகத்தில் ஏளனம் எதுவும் இல்லை, குழாயைத் திறந்து பிடிக்கப் போய்விட்டார். கவனியுங்கள், குழாயில். பாட்டில் இல்லை. பக்கத்து மேசைக்குப் போகிற பீர் மாதிரியே கைப்பிடி வைத்த கண்ணாடி ஜாடியில் ஈர நுரையோடு வந்தது, எங்கள் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்து அதில் கோடு போட்டார். ஒரு ஜாடிக்கு ஒரு கோடு, எழுந்திருக்கும்போது கோட்டை எண்ணிக் காசு.

பிரெல் 1992-லிருந்து இங்கே இருக்கிறது. இதில் என் பதநீர், கள் சித்தாந்தம் கொஞ்சம் ஆட்டம் கண்டது, ஏனென்றால் இது இரண்டிலும் சேராது. இதற்கென்று ஒரு தனி ஈஸ்ட்டாம், ஆல்கஹாலே கிட்டத்தட்ட உண்டாக்காதது. மச்சினன் விளக்கினான்: பார்லி ஊறலில் இருக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு மால்டோஸ். சாதாரண ஈஸ்ட் அதை வெளுத்துக் கட்டும். சில ஈஸ்ட்டுக்கு அதைச் சாப்பிடவே தெரியாது, இருக்கிற கொஞ்சம் குளுக்கோஸை மட்டும் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். பந்தியில் உட்கார்ந்து ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு இலையை மூடுகிற பிள்ளைகள் இருப்பார்களே, அந்த வகை. ஈஸ்ட் உயிரோடு கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுப் போவதால் ஊறலின் பச்சை வாசம் குறைந்து பீர் வாசம் ஏறும், ஆல்கஹால் மட்டும் ஏறாது.

முதலில் வெளிர் நிறம். நல்ல கசப்பு, ரொட்டி மேலோட்டு வாசம், இனிப்பு இருக்கிறது ஆனால் தலைகாட்டவில்லை. இரண்டாவது அரைக்கறுப்பு. அதுதான் இந்தப் பயணத்தில் இதுவரை நான் குடித்ததில் முதலிடம். செம்பழுப்பு நிறம், கருகும் முன் எடுத்த கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு தொனி, அதன் மேல் கசப்பு. மால்ட் இனிப்பு, அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்பு, இதில் குறையாகத் தெரியவில்லை, கறுப்பு மால்ட்டுக்கு அது சொந்த சுபாவம் ஆகிவிடுகிறது. உடன்குடிக்காரனுக்கு கருப்பட்டி வாசம் காட்டினால் வேறென்ன சொல்வான். சீட்டில் நாலு கோடு விழுந்தபோது மச்சினன், "அத்தான், நாம தண்ணி அடிக்கோம்னு வீட்ல சொன்னா நம்புவாங்களா, அடிக்கலன்னு சொன்னா நம்புவாங்களா?" என்றான். இரண்டையும் நம்ப மாட்டார்கள்.

ஒரு குறை. இதிலேயே கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் என்று கலந்து டின்னில் விற்கிறார்கள், பெட்ரோல் பங்க்கில் வாங்கினோம். அது பீர் இல்லை, கோலி சோடாவுக்கு தாடி ஒட்டிய கதை.

ஐந்தாம் நாள், பெர்லின்

பிராகாவில் தூங்கி எழுந்து மத்தியானம் பெர்லின், மச்சினனின் சிநேகிதன் வீடு. அவன் ஊருக்குப் போயிருக்கிறான், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு.

இந்த ஊருக்கும் இந்தச் சரக்கில் ஒரு பங்கு உண்டு. கிழக்கு ஜெர்மனி என்று தனி நாடு இருந்த காலத்தில் அங்கேயும் வண்டி ஓட்டுகிறவனுக்கு பூஜ்யம்தான் அளவு. 1972-ல் கிழக்கு பெர்லினின் எங்கல்ஹார்ட் ஆலை 'ஆவுபி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்டோஃபாரர்பியர், வண்டிக்காரன் பீர் என்பதன் சுருக்கம். கிளவுஸ்தாலருக்கு ஏழு வருடம் மூத்தது. சுவரும் போய்விட்டது, ஆவுபியும் போய்விட்டது.

சாயங்காலம் பரீட்சைக்காக மிச்ச நாடுகளைச் சேர்க்கக் கிளம்பினோம். முக்குக் கடையில் மூன்று டின் கிடைத்தது. ஹைனெக்கன் 0.0, நெதர்லாந்து, 2017-ல் வந்தது. கின்னஸ் 0.0, அயர்லாந்து, 2020-ல் வந்த உடனே திரும்பப் பெறப்பட்டு மறு வருடம் மறுபடி வந்தது. எஸ்ட்ரெல்லா கலீசியா 0,0, ஸ்பெயின். ஸ்பெயின்காரர்கள் இதில் பெரிய ஆட்கள். கடையில் போய் 'ஊனா சின்' என்றால், அதாவது 'இல்லாதது ஒன்று' என்றால் போதுமாம், எது இல்லாதது என்று கேட்க மாட்டார்கள். சரவணபவனில் சர்க்கரை இல்லாத காபிக்கு 'வித்தவுட்' என்ற ஒரு சொல்லிலேயே வேலை முடிகிறதே, அந்த மாதிரி. ஆனால் அங்கே 'சின்' என்றால் 1 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் சட்டம், அசல் பூஜ்யம் வேண்டுமென்றால் 0,0 என்று கேட்க வேண்டும்.

அப்புறம் ஸொன்னன்அலீ. தெரு முழுக்க அரபுக் கடைகள், ஏலக்காய் போட்ட காபி வாசம், பேரீச்சம்பழம் மூட்டை மூட்டையாக. ஒரு மளிகைக் கடையின் ஃபிரிட்ஜில் பார்பிகன் பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சவுதியில், தம்மாமில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணிக்கு இதுதான். ரூமில் எட்டுப் பேர், பார்பிகனைத் திறந்து கிளாஸில் ஊற்றி ஒருவருக்கொருவர் முட்டி, சும்மா தள்ளாடிக் காட்டிச் சிரிப்போம். ஆக, நான் முதன்முதலில் குடித்த ஆல்கஹால் இல்லாத பீர் கிளவுஸ்தாலர் இல்லை, இது. நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இது எப்படி ஞாபகத்துக்கு வரவில்லை என்று தெரியவில்லை. அதை நாங்கள் பீர் என்று நினைத்ததே இல்லை, மால்ட் ஜூஸ்.

ராத்திரி ஒன்பது எவர்சில்வர் டம்ளர், என் கண்ணில் ஒரு துண்டு. மச்சினன் ஊற்றித் தருகிறான், நான் பெயர் சொல்ல வேண்டும், பதநீரா கள்ளா என்றும் சொல்ல வேண்டும். கின்னஸ் முதலில் வந்தது, வறுத்த வாசமும் வெண்ணெய் மாதிரி நுரையும் காட்டிக்கொடுத்துவிட்டன, குருடனும் சொல்வான். பார்பிகன் நாக்கில் பட்டதும் தம்மாம் வந்துவிட்டது, அதுவும் சரி. அதோடு என் அதிர்ஷ்டம் முடிந்தது. வைஹன்ஸ்டெஃபானை எர்டிங்கர் என்றேன், எர்டிங்கரை வைஹன்ஸ்டெஃபான் என்றேன். ஹைனெக்கனை ஊறல் வாசம் அடிக்கிறது, பதநீர் என்றேன், அது காய்ச்சி எடுத்து ஆல்கஹாலைப் பிரித்த சரக்கு. ஜோசப்பை ஸ்பெயினுக்கு அனுப்பினேன், ஸ்பெயினை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு.

ஏழாவது டம்ளர். கசப்பு சரியாக வந்து உட்கார்ந்தது, பின்னால் ரொட்டி வாசம், லேசான இனிப்பு, கனமும் இருந்தது. ஊம் என்று சத்தம் வந்துவிட்டது எனக்கு. இன்னொரு மடக்கு கேட்டு வாங்கினேன். "இது பில்சன் மாப்ள, அந்த வெளிர் பிரெல். இதுக்குத்தான் முதல் மார்க்." பதில் வரவில்லை. துண்டை அவிழ்த்தேன். அவன் பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். கிளவுஸ்தாலர். முதல் நாள் ஹார்லிக்ஸ் கழுவின தண்ணீர் என்று நான் பாதியில் தள்ளிவிட்ட அதே பெட்டியில் வாங்கிய இரண்டாவது பாட்டில்.

ஒன்பதுக்கு இரண்டு. மேலே எழுதியதை எதையும் நான் திருத்தவில்லை, அன்றைக்கு என் நாக்கு அப்படித்தான் சொன்னது. மூன்று வருட நினைப்போடு அசல் பீரை எதிர்பார்த்து வாயைத் திறந்தவனுக்கு ஹார்லிக்ஸ் தெரிந்தது, ஐந்து நாள் இதையே குடித்துப் பழகினவனுக்கு பில்சன் தெரிந்தது போலிருக்கிறது. மச்சினன் வேறு காரணம் சொல்கிறான், "அன்னைக்கு ஃபிரிட்ஜ்ல வைக்க மறந்துட்டேன் அத்தான், பாதி வெதுவெதுப்பு." இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

காலையில் காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். இங்கே பாட்டிலுக்கு முன்பணம் வாங்குகிறார்கள், சூப்பர் மார்க்கெட் சுவரில் ஒரு ஓட்டை, பாட்டிலை உள்ளே வைத்தால் மெஷின் உருட்டிப் பார்த்து கணக்கு வைத்துக்கொள்ளும். பீர் கண்ணாடி பாட்டிலுக்கு 8 சென்ட், டின்னுக்கு 25. மூன்று ஜெர்மன் பாட்டிலையும் மூன்று டின்னையும் விழுங்கிவிட்டு 99 சென்ட்டுக்குச் சீட்டு கொடுத்தது. ஜோசப்பையும் பிரெல்லையும் பார்பிகனையும் எத்தனை தடவை வைத்தாலும் திருப்பித் தள்ளியது. வெளிநாட்டு ஆட்கள். பின்னால் வரிசை நின்றது, மூட்டையோடு ஒரு பாட்டி செருமினார், எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். இரண்டைக் கண்ணாடித் தொட்டியில் போட்டேன். ஜோசப்பை மட்டும் மனசு வரவில்லை, அலசி, வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது.

ஏர்போர்ட் போகிற வழியில் வீட்டிலிருந்து போன். பிள்ளைகளுக்கு என்ன வாங்கினீங்க என்றாள். சாக்லேட் என்றேன். எனக்கு என்றாள்.

"நுல் கோமா யோசெஃப்."

"அது யாரு ஜோசப்பு?"